சரிவின்போது கணக்கு சொல்வது

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்தது. அவ்வாரங்களில் எஸ்.ஐ.பி. முதலீட்டை நிறுத்த வந்த வாடிக்கையாளர்கள் பலர். "இன்னும் இறங்கும் என்று மனம் சொல்கிறது" என்பதே அவர்கள் கூறிய காரணம். அச்சம் இயல்பானதே, எனினும் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது.

பரஸ்பர நிதியொன்றில் மாதம் 5,000 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். யூனிட் விலை 50 ரூபாயாக இருக்கையில் 100 யூனிட்டுகள் கிடைக்கும். 40 ஆனால் 125. 25 ஆனால் 200. மீண்டும் 40-க்கு ஏறினால் 125. ஆக, 20,000 ரூபாய்க்கு 550 யூனிட்டுகள். அவற்றின் மதிப்பு 22,000 ரூபாய். விலையோ பழைய 50-ஐ இன்னும் எட்டவில்லை! இரண்டாம் மாதத்தோடு நிறுத்தியவர் செலுத்திய 10,000 ரூபாயின் மதிப்பு அன்று 9,000 மட்டுமே. அஞ்சி 25-இல் விற்றவருக்குக் கிடைத்தது 5,625.

இத்தருக்கத்திற்கும் எல்லை உண்டு. விலை மீளும் என்பதற்கு எவரும் உறுதி தர இயலாது. பல நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிதிக்கு, அதுவும் நீண்ட காலத்தில், அவ்வாய்ப்பு மிகுதி, அவ்வளவே. தனியொரு நிறுவனத்தின் பங்கை இறங்க இறங்க வாங்கிச் சேர்ப்பது, விட்டதைப் பிடிக்கச் சீட்டாட்டத்தில் பந்தயத்தை இரட்டிப்பதற்கு ஒப்பாகும். அந்நிறுவனம் மீண்டெழாமலே போகலாம்.

அடுத்த ஆண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வேண்டிய தொகை பங்குச்சந்தையில் இருத்தலாகாது. அதற்கு வைப்புநிதியே தகும். எனவே நிறுத்தக் கோரும் விண்ணப்பத்தை வாங்குமுன் நாம் வினவுவது ஒன்றே: இப்பணம் எப்போது தேவை?