சென்று அளந்தவர் போல

புறநானூற்றின் 30ஆம் பாடல் சோழன் நலங்கிள்ளியைப் புகழ எழுந்தது. ஆனால், அதன் தொடக்கத்தில் மன்னன் இல்லை, வானமே இருக்கிறது. ஞாயிறு செல்லும் வீதி, அதன் இயக்கம், அவ்வியக்கம் சூழ்ந்த வட்டம், காற்று இயங்கும் திசை, ஆகாயம் ஆகிய ஐந்தையும் அடுக்குகிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். நேரில் சென்று அளந்தவரைப் போல இவற்றின் அளவைக் கூறுவோரும் உளர். அவர்களது அறிவுக்கும் எட்டாதவன் நீ என்கிறார்.

பண்டைத் தமிழரின் வானியல் அறிவுக்கு இப்பாடலைச் சான்றாகக் காட்டுவர். அது பொருத்தமே. ஆயினும், விண்வெளியில் காற்றில்லை என்பதை இப்பாடல் அன்றே கூறிவிட்டது என்பாரும் உண்டு. அங்கே சற்று நிதானம் வேண்டும். ஆதாரம் எதுவுமின்றித் தானே நிற்கும் ஆகாயம் என்றே பழைய உரைகாரர் அவ்விடத்துக்குப் பொருள் கொள்கிறார். பாடல் கூறாததை அதன்மேல் ஏற்றினால், அது கூறுவது நம் கண்ணில் படாமற் போய்விடும்.

அது கூறுவது யாது? 'போல' என்னும் உவம உருபைக் கருதிப் பாருங்கள். வானுக்கு எவரும் சென்று மீளவில்லை என்பதைப் புலவர் அறிவார். செல்லாதவர்கள், சென்றவர்களின் உறுதியோடு கணக்குச் சொல்கின்றனர். அறிவியலின் வழியும் அதுவன்றோ? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரட்டோசுதனீசு உலகைச் சுற்றி வரவில்லை. நண்பகல் நிழலின் சாய்வையும் இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவையும் கொண்டே புவியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

சாத்தனார் இத்தகையோரை எள்ளுகிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறு கொள்ள இயலாது. கணியரின் அறிவு அற்பமானதாயின், அதனைக் கடந்தவன் என்பது மன்னனுக்குப் புகழாகுமா? அளந்தறியும் அறிவின் எல்லையை உயரத்தில் வைத்த பின்னரே, அதற்கு அப்பால் மன்னனின் வலிமையை வைக்கிறார். அவ்வலிமை, எறிவதற்காக யானை தன் கவுளில் அடக்கிய கல்லைப் போல மறைந்திருக்கிறதாம்.

பாடலின் இறுதியில் காவிரியின் முகத்துவாரம் வருகிறது. பெருங்கலங்கள் பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் அதனுள்ளே புகுகின்றன. ஆற்றின் ஆழம் இத்தனை பாகம் என்று புலவர் கூறவில்லை. கலம் தரைதட்டாமல் உள்ளே வருவதைக் காட்டுகிறார்.