கத்திரி வெயிலில் நாயோடு நடக்கிறீர்களா?

ஆரணியில் தெருவில் நெசவுக்குப் பாவு போடுகிறவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். நாயை நடத்திச் செல்லவும் அதுவே நேரம். நாய்க்கு வியர்ப்பது பாதங்களில்தான், அதுவும் கொஞ்சம். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணிக்கிறது. அதில் உடம்புத் தண்ணீர் வேகமாகக் குறையும். 10 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டர் வேண்டும். பாட்டிலோடு பழைய தயிர் டப்பா ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நிழலில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாயம் கலந்து தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க விடவே கூடாது.

ஈறைத் தொட்டுப் பாருங்கள்: வழுவழுவென்று ஈரமாக இருந்தால் சரி, பிசுபிசுத்தால் தண்ணீர் போதவில்லை. தள்ளாடினால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தெருநாய்க்கும் வாசலில் ஒரு மண்தொட்டி வையுங்கள்.