மனக்கோட்டையும் பொருள் வரைதலும்

"எதிர்பாராமல் ஒரு பெருந்தொகை கைக்கு வந்தால் என்ன செய்யலாம்?" என்று நம் இல்லங்களில் எவரேனும் விளையாட்டாகக் கேட்டால் போதும். பொழுது சாயுமுன் உணவு முடித்து அமர்ந்த குடும்பத்தில், விளக்கேற்றிய பின்னும் அப்பேச்சு ஓயாது. ஒருவர் மாடி கட்டுவார். ஒருவர் மகளுக்கு நகை செய்வார். ஒருவர் சம்மேத சிகர்ஜிக்கு ஊரையே யாத்திரை அழைத்துச் செல்வார். மற்றொருவர் ஊர் ஜினாலயத்தின் கோபுரத்தைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகமும் நடத்திவிடுவார். பொழுது போயிற்று, ஒருவர்க்கும் ஒரு காசும் செலவில்லை. எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாத இம்மனக்கோட்டையில் குற்றம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இப்பாடத்தில் அவ்வினாவையே ஆராய்வோம்.

இதனை வெறும் கற்பனை என்று ஒதுக்குவதற்கும் இல்லை. சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கப்பட்டு இழப்பீடு வருகிறது. ஏர் உழுத நிலம் மனைகளாக விலை போகிறது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெறுவோர்க்கு முப்பது ஆண்டுகளின் சேமிப்பு ஒரே நாளில் வந்து சேர்கிறது. உழவரும் ஆசிரியரும் மிகுந்த நம் சமுதாயத்தில் இவை அரிய நிகழ்ச்சிகள் அல்ல. பணம் வருவதற்கு முன்பே அவரவர் மனத்தில் அவரவர் பங்கைப் பிரித்துவிடுவதால், வந்த நாளில் உடன்பிறந்தோர் முகம் பாராமற் போவதையும் நாம் அறிவோம்.

கொல்லிமலையில் பெய்த பொன்மழை

எதிர்பாராத பெருஞ்செல்வம் பெற்றவரைப் பற்றிய பழந்தமிழ்ச் சான்றுகளைத் தேடின், நம்மைக் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்கின்றது புறநானூறு. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அம்மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டும். பலாவும் மிளகும் விளையும் அம்மலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஆடி மாதந்தோறும் அவன் பெயரால் அரசு விழா எடுத்து வருகிறது.

புறநானூற்றின் 152ஆம் பாட்டை வன்பரணர் பாடியுள்ளார். காட்டுவழியே பசியோடு சென்ற பாணர் கூட்டம், ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் யாரென்று அவர்கள் அறியார். தம் கலையால் அவனைப் பாடுகின்றனர். அவனோ நாணமுற்று, உண்ண உணவளித்து, தன் மலையிலே பிறந்த பொன்னை மணிகளோடு கலந்து, கொள்க என்று கொடுக்கிறான். அரசவையும் இல்லை, முரசும் இல்லை. காட்டு வழியின் நடுவே நிகழ்ந்த கொடை அது. அவன் வேட்டையாடியதையும், அவன் அளித்த உணவில் ஊனும் மதுவும் இருந்ததையும் கொல்லாமை நோன்புடைய நாம் போற்றுவதற்கில்லை. கைப்பொருளைக் கைம்மாறு கருதாது ஈந்த பண்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

அடுத்துள்ள 153ஆம் பாட்டும் வன்பரணர் பாடியதே. ஓரியை நாடிச் சென்ற கலைஞர் கூட்டம் பெற்றவை யாவை? குளிர்ந்த நீரில் பூவாத, மணிகளால் இயன்ற குவளை மலர், அதனை வெள்ளிய நாரில் தொடுத்த கண்ணி, அணிகலன்கள், இவற்றோடு யானைகள். பெற்ற பின் நிகழ்ந்ததைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பசி நீங்கிற்று. பசி நீங்கியதனால்தானோ, இசைக்கருவிகள் முழங்கியும் ஆட இயலாதவராயினர். பாடலையும் மறந்தனர் என்று புலவர் வியக்கிறார். வள்ளலின் கொடையைப் புகழ வந்த பாட்டே இது. ஆயினும் நம்மைப் போன்ற இல்லறத்தார்க்கு இதனுள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வறுமையில் அவர்களிடம் இருந்த ஒரே செல்வம் ஆடலும் பாடலும். புதுச்செல்வம் வந்தபோது பழைய செல்வம் கைநழுவியது.

மூன்றாவது, 204ஆம் பாட்டு. இதனைக் கழைதின் யானையார் ஓரியை நோக்கிப் பாடினார். இரப்பது இழிவு, இல்லையென்பது அதனினும் இழிவு. கொடுப்பது உயர்வு, கொடுத்ததைக் கொள்ளேன் என்பது அதனினும் உயர்வு என்பது அப்புலவர் கருத்து. பரிசில் நாடி வந்த ஒரு புலவரே, பெறாமையைப் பெறுதற்கு மேலாக வைத்தார். கடல் அருகில் இருந்தும் நீர்வேட்கை உடையோர் அதனை உண்ணார்; ஆவும் மாவும் கலக்கிய சிறு நீர்நிலைக்கே வழிகள் பலவாகும் என்றும் அவர் உவமை கூறுகிறார். நம் வேட்கையைத் தீர்ப்பது பொருளின் பெருக்கம் அன்று என்பதற்கும் அவ்வுவமை பொருந்தும்.

அந்த ஓரியும் பின்னர் மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டான். கொல்லிமலை சேரர்க்குக் கொடுக்கப்பட்டது. இதனை அகநானூறு 209ஆம் பாட்டு கூறுகிறது. பொன் பிறந்த மலையே கைமாறியது. அவன் ஈந்தது மட்டும் இன்றளவும் அவன் பெயரில் நிற்கிறது. நம் அறவோர் அருளிய நாலடியாரின் முதல் அதிகாரம் செல்வம் நிலையாமை என்று அமைந்திருப்பது இங்கு எண்ணத்தக்கது.

ஆகமம் கூறும் இலக்கணம்

இனி, கைக்கு வராத பொருளைப் பற்றி எண்ணுவது எங்ஙனம் பற்றாகும் என்று காண்போம்.

தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்திற்குக் கூறும் இலக்கணம் மூர்ச்சை என்பது. மூர்ச்சையாவது, எனது என்னும் மயக்கம். பொருளை வைத்து இலக்கணம் சொல்லாமல், மயக்கத்தை வைத்துச் சொன்ன ஆசிரியரின் நுட்பத்தை நோக்குக. பெட்டியில் பொன் இருந்தும் மயக்கம் குறைந்தவர் உண்டு; பெட்டியே இல்லாமல் மயக்கம் நிறைந்தவரும் உண்டு. பரிக்கிரகத்தைப் புறத்தன 10, அகத்தன 14 என்று நம் நூல்கள் வகுக்கின்றன. நிலம், வீடு, பொன், வெள்ளி முதலியன புறத்தன. மித்தியாத்துவம் ஒன்று, குரோதம் முதலிய கஷாயங்கள் 4, நகை, விருப்பு, அச்சம் முதலிய நோகஷாயங்கள் 9 ஆகியன அகத்தன. மனக்கோட்டை கட்டுவோனிடம் புறத்தனவற்றுள் ஒன்றும் இல்லை. அகத்தனவற்றுள்ளோ உலோபம் இருக்கிறது, விருப்பு இருக்கிறது, வராத பணத்தை யார் பறிப்பாரோ என்னும் அச்சமும் சேர்ந்துவிடுகிறது.

தியானம் நான்கனுள் முதலாவது ஆர்த்த தியானம். அதன் நான்கு வகைகளுள் நிதானம் என்பது, இன்னும் எய்தாத இன்பத்தை எய்த வேண்டுமென்று மீண்டும் மீண்டும் மனத்தைச் செலுத்துதல். மாயை, மித்தியை ஆகியவற்றோடு இந்நிதானத்தையும் சேர்த்து மூன்று சல்லியங்கள் என்பர். சல்லியம் என்றால் முள். முள் தைத்த காலோடு நடப்பவன் நோன்பின் வழியில் நெடுந்தூரம் செல்ல இயலாது. அணுவிரதம் ஏற்ற சிராவகர்க்கும் நிதானம் தோன்றக்கூடும் என்றும், மகாவிரதம் ஏற்ற முனிவர்க்கே அது இல்லையென்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். ஆகவே, இத்தகைய எண்ணம் தோன்றியதற்காக ஒருவர் நாணவேண்டுவதில்லை. தோன்றியதை வளர்க்காமல் இருப்பதே செய்யத்தக்கது.

இது வளரும் முறையையும் காண்க. முதலில் வீடு, பிறகு அண்டை வீட்டினும் உயர்ந்த வீடு, அதன்பின், நம்மை ஒரு நாள் அவமதித்த உறவினர் அவ்வீட்டைக் கண்டு வெதும்புவதாக ஒரு காட்சி. முதலிற் கண்டது ஆசை; கடைசியிற் கண்டது பிறர் துன்பத்தில் மகிழும் தீய எண்ணம். அபத்தியானம் என்று பெயரிட்டு, பயனில் தீவினைகளாகிய அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக நூல்கள் விலக்கியது இத்தகைய தீய எண்ணத்தையே.

சீட்டும் சூதும்

இம்மயக்கத்தை விலைப்படுத்தும் வாணிகமும் உண்டு. தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டு அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் அக்காலத்தவர்க்கு நினைவிருக்கும். எண்ணற்ற ஏழைக் குடும்பங்கள் கூலியைச் சீட்டில் இழந்த பின், 2003ஆம் ஆண்டில் இம்மாநிலத்தில் எல்லாப் பரிசுச் சீட்டுகளும் தடை செய்யப்பட்டன. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அரசு இன்றும் அதனை நடத்துகிறது. 2022ஆம் ஆண்டு திருவோணப் பரிசுச் சீட்டின் விலை 500 ரூபாய். முதற்பரிசு 25 கோடி ரூபாய். விற்றவை 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். அத்தனை வாங்கியோரும் மனத்தில் கோட்டை கட்டினர். பரிசு சென்றது ஒருவரிடம். அவரும் 25 கோடியைப் பெறவில்லை. முகவர் பங்கு 10 விழுக்காடு போக 22.5 கோடி, அதில் வரி 30 விழுக்காடு போக 15.75 கோடி, இதன்மேல் கூடுதல் வரியும் உண்டு. சில நாட்களில், உதவி கேட்டு வருவோர் கூட்டத்தால் வீட்டில் இருக்க இயலவில்லை என்றும், இவ்வளவு பெரிய தொகை கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார்.

1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பரிசுச் சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரைப் பரிசு பெறாத 22 பேரோடு ஒப்பிட்டனர். வென்றவர்கள் மற்றவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சிறு நிகழ்ச்சிகளில் அவர்கள் பெற்ற இன்பமும் குறைந்திருந்தது. பாடலை மறந்த பாணர் நினைவுக்கு வருகிறார்கள் அன்றோ? சுவீடன் நாட்டில் பன்மடங்கு மிகுதியான மக்களைக் கொண்டு நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ, பரிசு பெற்றோரிடம் வாழ்க்கை மனநிறைவு உயர்ந்து பல்லாண்டுகள் நிலைத்ததையும் காட்டியுள்ளது. ஆகவே, பணம் வந்தாலே கேடு என்று நாம் கூறவில்லை. கடன் தீர்ந்தால் நிம்மதி வருவது இயல்பு. பொருள் தீர்க்கும் துன்பம் உண்டு. மயக்கத்தைப் பொருள் தீர்ப்பதில்லை.

இன்று சீட்டின் இடத்தைக் கைபேசிச் சூது பிடித்துள்ளது. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. பணம் வைத்தாடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்து 2025ஆம் ஆண்டில் நடுவண் அரசும் சட்டம் இயற்றியது. சட்டம் வாயிலைக் காக்கும். மனத்தை நாமே காக்க வேண்டும். ஏழு வியசனங்களுள் முதலாவதாகச் சூதை வைத்த நம் முன்னோர், கனவு எவ்விடத்தில் கடனாகிறது என்பதை நன்கறிந்திருந்தனர்.

அளவு வரைதல் எங்ஙனம்?

இல்லறத்தார் துறவியர் அல்லர். பொருள் ஈட்டவும் காக்கவும் கடமை உண்டு. அதனால்தான் அவர்க்கு ஐந்தாம் அணுவிரதம் பொருளை விடுதல் என்று அமையாமல், பொருளை வரைதல் என்று அமைந்தது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகம் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று விஸ்மயம். பிறர் பெற்ற ஊதியத்தைக் கண்டு வியந்து மனம் குலைதல். செய்தித்தாளில் பரிசு பெற்றவர் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது இதன்பாற்படும். அந்நூலின் வழியே இல்லறத்தார்க்கு உரியவற்றைத் தமிழில் சுருங்க உரைப்பது அருங்கலச்செப்பு.

மனக்கோட்டைக்கு மாற்று இவ்விரதத்திலேயே இருக்கிறது. நமக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு பொன், எவ்வளவு வைப்பு போதும் என்பதைப் பொருள் வருவதற்கு முன், மனம் அமைதியாக இருக்கும்போது, குடும்பத்தார் கூடி வரைந்துகொள்ள வேண்டும். மகன் கல்வியும், மூத்தோர் மருத்துவமும், மகளின் திருமணமும் அவ்வளவினுள் அடங்கட்டும். கடனும் வரியும் முதலில் கழியட்டும். வரைந்த எல்லைக்கு மேல் வருவது எதுவாயினும், ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்திற்கு உரியது என்று எழுதி வைக்கலாம். இவ்வாறு வரைந்த குடும்பத்தில், திடீர்ப் பணம் வந்தால் என்ன செய்வது என்னும் வினாவுக்கு விடை முன்பே இருக்கிறது. கனவு காண அங்கு இடம் குறைவு. சண்டையிடவும் இடம் குறைவு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பணம் வந்தால் கோபுரம் கட்டுவேன் என்பது நல்லெண்ணம் அன்றோ? நல்லெண்ணமே. ஆயினும் வராத கோடியில் கட்டும் கோபுரம், இன்று மாலை ஜினாலயத்தில் எரியவேண்டிய ஒரு விளக்குக்கு எண்ணெய் தராது. ஓரி புதையல் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தன் மலையில் இருந்ததைத் தன் எதிரே நின்ற பசிக்குக் கொடுத்தான். கையில் உள்ள நூறு ரூபாயில் பத்து ரூபாயை விடப் பழகாத மனம், கோடி வந்தபோது விடும் என்று நம்புவதற்கில்லை.

தசலட்சண பருவத்தில் எட்டாம் நாள் உத்தம தியாகத்தையும், ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்தையும் சிந்திக்கிறோம். கொடுத்தல் முன், எனது ஒன்றும் இல்லை என்னும் தெளிவு பின். பொருள் வரைதலைத் தொடங்க எண்ணும் குடும்பத்தார்க்கு அவ்விரு நாட்களும் ஏற்றவை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பொருளை வைத்து அன்றி, மூர்ச்சையை வைத்துப் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறியது ஏன்?

2. நிதானம், அபத்தியானம் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நம் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. ஓரியிடம் பரிசில் பெற்றோர் பாடலை மறந்தனர். பெரும்பொருள் வந்தால் நம் குடும்பம் எதனை மறக்கக்கூடும்? சிறுவர்களையும் கேட்டுப் பார்க்கவும்.

4. நம் இல்லத்தின் பொருள் எல்லையை ஒரு தாளில் எழுதுக. எழுதும்போது எந்த இடத்தில் கை தயங்கியது என்பதையும் குறித்து வைக்கவும். பற்று இருக்கும் இடம் அதுவே.