அசோக் பில்லர் சிக்னலில் ஒரு மொமெண்டம் கணக்கு

பிளேஸ்மெண்ட் முடிஞ்ச கையோட வீட்டுல வர்ற அடுத்த பேச்சு, "முதல் சம்பளத்துல என்ன வண்டி எடுக்கப் போற?" என்பதுதான். பைக்கா, ஸ்கூட்டரா, செகண்ட் ஹேண்ட் காரா? நாம பார்க்கிறது மைலேஜ், லுக், இ.எம்.ஐ. இந்தக் கட்டுரை நாலாவதா ஒரு விஷயத்தைப் பத்தி. ஒரு மோதல் நடந்தா, எந்த வண்டியில இருக்கிறவர் பிழைப்பார்? எந்த வண்டி எதிரே இருக்கிறவரோட உயிரை எடுக்கும்? இதுக்குத் தேவையான பிசிக்ஸ் எல்லாம் ப்ளஸ் ஒன்லயே படிச்சதுதான்.

சாயங்காலம் 6 மணிக்கு அசோக் பில்லர் சிக்னல்ல, நூறடி ரோடு ஓரமா நின்னு பாருங்க. எம்.டி.சி. பஸ் ஒண்ணு நிக்கும். அதோட மூக்குக்கு முன்னாடி பத்து பைக். இடது பக்க இடுக்குல ஒரு ஸ்கூட்டர் நுழையப் பார்க்கும். பக்கத்துல ஒரு ஷேர் ஆட்டோ, பின்னாடி ஒரு எஸ்யூவி. சிக்னல் விழறதுக்குள்ள கையில பையோட குறுக்கே ஓடுற ஒரு அம்மா. எல்லாருக்கும் ஒரே ரோடு, ஒரே சிக்னல். ஆனா எடையைப் பாருங்க. நடக்கிறவர் 60 கிலோ. ஓட்டுறவரோட சேர்த்து ஸ்கூட்டர் 180 கிலோ. காலி ஆட்டோ சுமார் 350. சின்ன கார் 800. எஸ்யூவி 1,600. ஆள் நிறைஞ்ச பஸ்ஸை 12,000 கிலோன்னு வெச்சுக்குவோம். ரோடு பொதுவானது, ஆபத்து பொதுவானது இல்லை.

எடை என்ன பண்ணும்?

800 கிலோ காரும் 1,600 கிலோ எஸ்யூவியும் ஆளுக்கு 50 கி.மீ. வேகத்துல நேருக்கு நேர் மோதி, ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு வைங்க. மொமெண்டம் மாறாது. அதனால ரெண்டும் சேர்ந்து, எஸ்யூவி வந்த திசையிலயே சுமார் 17 கி.மீ. வேகத்துல நகரும். எஸ்யூவியோட வேகம் 50-லிருந்து 17 ஆச்சு, மாற்றம் 33. சின்ன காரோ 50-ல முன்னாடி போய்க்கிட்டிருந்தது, இப்போ 17-ல பின்னாடி போகுது, மாற்றம் 67. விபத்தை ஆராயுறவங்க இதை டெல்டா-வி என்பாங்க. உடம்புக்கு என்ன ஆகும்னு தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு இந்த எண்ணுக்குத்தான்.

ஓடும்போது ரெண்டு ஸ்பீடோமீட்டரும் 50-தான் காட்டிச்சு. ஆனா சின்ன கார்ல இருந்தவருக்கு அடி ரெண்டு மடங்கு. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பார்த்த லெனார்ட் எவன்ஸ், அமெரிக்க விபத்துத் தரவுகளை வெச்சு இதை அளந்தார். ஒரு கார் இன்னொண்ணைவிட ரெண்டு மடங்கு கனமா இருந்தா, லேசான காரோட டிரைவர் இறக்கிற வாய்ப்பு மத்தவரைவிட சுமார் 12 மடங்கு. டெல்டா-வி ரெண்டு மடங்குதான், சாவு 12 மடங்கு. இந்த உறவு நேர்கோடு இல்லை.

இதே கணக்கை ஸ்கூட்டருக்கும் பஸ்ஸுக்கும் போடுங்க. ரெண்டும் 40-ல எதிரெதிரா வந்தா, பஸ்ஸோட வேகம் குறையறது ஒரு கி.மீ. சொச்சம். ஸ்கூட்டர் பக்கம் மாற்றம் கிட்டத்தட்ட 79. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறின அளவுக்குக்கூட பஸ் டிரைவருக்குத் தெரியாம போகலாம்.

நிக்கறதுக்கு எவ்வளவு இடம்?

அடுத்தது தூரம். 50 கி.மீ. வேகத்துல போற கார் சுவத்துல மோதுது. முன்பக்கம் 60 செ.மீ. நசுங்குதுன்னா, பெல்ட் போட்டவர் அந்த 60 செ.மீ.க்குள்ள நிக்கிறார். சராசரி டிசெலரேஷன் சுமார் 16 ஜி. வலிக்கும், ஆனா பிழைக்கலாம். காரோட மூக்கு அப்பளமா நொறுங்குதேன்னு கிண்டல் பண்றோமே, அது நொறுங்கணும்னுதான் டிசைன் பண்ணியிருக்காங்க. நொறுங்கக் கூடாதது நாம உட்கார்ந்திருக்கிற கூண்டு மட்டும்தான். பெல்ட் போடலைன்னா அந்த 60 செ.மீ. நமக்குக் கிடைக்காது. கார் நின்ன பிறகும் நாம 50-லயே போய்க்கிட்டிருப்போம், டேஷ்போர்டு வரைக்கும்.

பைக்ல நசுங்குறதுக்குன்னு எதுவும் கிடையாது. வண்டி நின்னுடும், ஓட்டுறவர் தொடர்வார். மோதல்கூட வேண்டாம், சிக்னல்ல நிக்கும்போது பேலன்ஸ் போய் சாய்றீங்க. தலை 1.5 மீட்டர் உயரத்துலேர்ந்து தார் ரோட்டுல விழுது. வெறும் தலைன்னா அரை செ.மீ.ல நிக்கணும். உயரத்தை நிக்கிற தூரத்தால வகுத்தா 300 ஜி. ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற நுரை 2.5 செ.மீ. அமுங்கினா 60 ஜி. அந்த ரெண்டரை செ.மீ. தெர்மாகோல்தான் பைக்காரரோட மொத்த கிரம்பிள் ஜோன். அதை டேங்க் மேல வெச்சுக்கிட்டு ஓட்டுறதுல என்ன அர்த்தம்?

எண்ணைப் படிக்கும்போது கவனம்

மத்திய அரசோட சாலை விபத்து அறிக்கைப்படி, 2022-ல இந்தியச் சாலைகள்ல இறந்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 17,884. நாட்டு மொத்தத்துல 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்துல போனவங்க, 19.5 சதவீதம் நடந்து போனவங்க. கார் மாதிரியான வண்டிகள்ல இருந்தவங்க சுமார் 12.5 சதவீதம், பஸ்ல இருந்தவங்க 3 சதவீதத்துக்கும் கீழே.

இங்கே ஒரு பொறி இருக்கு. பதிவான வண்டிகள்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி இருசக்கரம். "முக்கால்வாசி வண்டிக்குப் பாதிக்கும் குறைவான சாவுதானே, அப்போ பைக் பாதுகாப்புதானே?"ன்னு யாராவது கேட்கலாம். இது தவறான வகுக்கும் எண். ஒரு பஸ் ஐம்பது பேரைச் சுமந்து நாள் முழுக்க ஓடும். ஒரு பைக் ஒருத்தரையோ ரெண்டு பேரையோ சுமந்து கொஞ்ச தூரம் போகும். ஒப்பிட வேண்டியது வண்டிக்கு இல்லை, பயணிச்ச தூரத்துக்கு. அப்படிக் கணக்குப் போடுற அமெரிக்காவுல, ஒரே தூரத்துக்கு பைக்காரர் இறக்கிற வாய்ப்பு கார்ல போறவரைவிட 20 மடங்குக்கு மேல.

அதே 2022 அறிக்கையில இன்னொரு எண் இருக்கு. இருசக்கர வாகனத்துல இறந்த சுமார் 75 ஆயிரம் பேர்ல 50,029 பேர் ஹெல்மெட் போடலை. அதுல 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்து வந்தவங்க. எல்லாரும் போட்டிருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 சதவீதம் குறைக்குதுன்னு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல தெரியுது. அப்படின்னா தோராயமா 20 ஆயிரம் உயிர். சென்னையில 2022 மே மாசத்துலேர்ந்து பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கேட்டு மடக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் இதுதான்.

அப்போ பெரிய வண்டியே வாங்கிட்டா?

இதுவரை படிச்சா, "எஸ்யூவி எடுத்துடலாம்"னு தோணும். மூணு விஷயம் பாக்கி இருக்கு.

ஒண்ணு, உயரம். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற அகலத்தை, சென்டர் ஆஃப் கிராவிட்டியோட உயரத்தின் இரு மடங்கால வகுங்க. சாதாரண கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவிக்குப் பெரும்பாலும் 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய, வண்டி உருண்டு கவிழறது சுலபம். அதனால எஸ்யூவி எடுக்கிறவங்க சன்ரூஃப் இருக்கான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கான்னு கேட்கணும்.

ரெண்டு, ஸ்டார். 2014-ல குளோபல் என்கேப் சோதிச்ச ஆல்டோ 800, நானோ, ஐ10 உட்பட அஞ்சு சின்ன கார்களும் பூஜ்யம் வாங்குச்சு. 2018-ல டாடா நெக்ஸான் அஞ்சு ஸ்டார் வாங்கின முதல் இந்திய கார் ஆச்சு. 2023 அக்டோபர்லேர்ந்து நமக்கே பாரத் என்கேப் இருக்கு. அந்த முன்பக்கச் சோதனையில கார் 64 கி.மீ. வேகத்துல ஒரு தடுப்புல மோதும். அது தன்னை மாதிரியே எடையுள்ள இன்னொரு காரோட மோதுறதுக்குச் சமம். அதனால ஸ்டாரை ஒரே அளவு கார்களுக்குள்ள மட்டும்தான் ஒப்பிடலாம். அஞ்சு ஸ்டார் சின்ன கார் லாரியோட மோதினா, முதல்ல போட்ட மொமெண்டம் கணக்குதான் ஜெயிக்கும். பெல்ட் போடலைன்னா எந்த ஸ்டாரும் உதவாது. 2022 செப்டம்பர்ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல இறந்தப்போ, அவர் இருந்தது விலை உயர்ந்த, கனமான காரோட பின் சீட்டுல. பெல்ட் போட்டிருக்கலைன்னு போலீஸ் சொன்னாங்க.

மூணாவதுதான் முக்கியம். மேல போட்ட டெல்டா-வி கணக்குல, எஸ்யூவிக்குக் குறைஞ்ச அடி எங்கேயும் மறைஞ்சு போகலை. சின்ன காருக்குப் போய்ச் சேர்ந்தது. நடக்கிறவருக்கு இன்னும் மோசம். தாழ்வான பானட் காலைத் தட்டும், ஆள் பானட் மேல விழுவார். உயரமான பானட் நெஞ்சுலயும் தலையிலயும் அடிக்கும், ஆளைக் கீழே தள்ளும். பானட் 40 அங்குலத்துக்கு மேல இருக்கிற வண்டிகள், 30 அங்குலத்துக்குள்ள சரிவா இருக்கிறதைவிட பாதசாரியைக் கொல்ற வாய்ப்பு 45 சதவீதம் அதிகம்னு அமெரிக்காவோட ஐஐஹெச்எஸ் 2023-ல சொல்லிச்சு. நாம காசு கொடுத்து வாங்குற பாதுகாப்புல ஒரு பகுதி, சிக்னல்ல பையோட ஓடுற அந்த அம்மாகிட்டேர்ந்து எடுத்தது.

சரி, என்ன பண்ணலாம்?

பஸ் அல்லது மெட்ரோ இருக்கிற ரூட்னா அதுதான் பாதுகாப்பு. ஆனா ஃபுட்போர்டுல தொங்கினா நீங்க பஸ்ல இல்லை, பஸ்ஸுக்கு வெளியே ஒட்டியிருக்கிற 60 கிலோ. பைக்தான்னா ஏபிஎஸ் உள்ளதா எடுங்க. 125 சிசிக்கு மேல அது கட்டாயம். ஹெல்மெட் ரெண்டு வாங்குங்க. பஸ்ஸோட இடது இடுக்குல நுழையாதீங்க, அவர் கண்ணாடியில நீங்க தெரியலைன்னா அவருக்கு நீங்க இல்லை. கார்னா ஸ்டாரையும் பாருங்க, பின் சீட்டுலயும் பெல்ட் போடச் சொல்லுங்க.

எல்லா வண்டிக்கும் பொதுவா நம்ம கையில இருக்கிறது வேகம் மட்டும்தான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா, உயிர் போற விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சென்னையில குடியிருப்புத் தெருக்களுக்கு 2023-ல 30 கி.மீ. வரம்பு வெச்சாங்க. அசோக் நகர் அவென்யூக்கள்ல 30-ல போனா நமக்கு ரெண்டு நிமிஷம் லேட் ஆகும். எடையை மாத்த காசு வேணும். வேகத்தை மாத்த வலது கையையோ வலது காலையோ கொஞ்சம் தளர்த்தினா போதும். அடுத்த தடவை சிக்னல்ல நிக்கும்போது சுத்தி இருக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் மனசுல எடை போட்டுப் பாருங்க. உங்களைவிட லேசானவர் யாருன்னு தெரிஞ்சா, பச்சை விழுந்ததும் யாருக்கு வழி விடணும்னு தானா தெரியும்.