அழுதுகொண்டே மகிழ முடியுமா?

கேள்வி: அன்புள்ள தந்தைக்கு, திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. திருவருகைக் காலம் வந்தாலே எனக்குக் கலக்கம். வீட்டுக்கு வீடு குடில், கோயிலில் பாலன் பிறப்புப் பேச்சு. "எலிசபெத்துக்கே முதிர்வயதில் பிள்ளை பிறந்ததே" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மகிழ்ச்சியோடு காத்திரு என்கிறீர்களே, எப்படி?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, எலிசபெத்தை விட்டுவிடுவோம். அவர் பெற்ற மகன் திருமுழுக்கு யோவானைப் பற்றிச் சொல்கிறேன்.

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. குருவின் ஊதாத் திருவுடை அன்று ரோஜா நிறத்துக்கு மாறலாம். மூன்றாண்டுச் சுழற்சியில் ஓராண்டு அன்று வாசிக்கப்படுவது மத்தேயு 11ஆம் அதிகாரம். திருமுழுக்கு யோவான் சிறையில் கிடக்கிறார்; இயேசுதான் மெசியாவா என்ற ஐயத்தோடு சீடரை அனுப்பிக் கேட்கிறார். மெசியாவுக்கு வழியை ஆயத்தம் செய்தவருக்கே ஐயம்! இயேசு கோபப்படவில்லை, கூட்டத்தின்முன் யோவானைப் புகழ்ந்தார். ஆனால் யோவானுக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஏரோது அவரைக் கொன்றான். அந்த ஞாயிற்றின் வருகைப் பல்லவி, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வருகிறது. அதையும் அவர் சிறையிலிருந்தே எழுதினார்.

இப்படிப்பட்டவர்களின் குரலைத்தான் மகிழ்ச்சி ஞாயிற்றுக்குத் திருச்சபை தேர்ந்தெடுத்திருக்கிறது. கேட்டது கிடைக்கும் என்று இந்தக் காலம் உறுதி தருவதில்லை. கடவுள் வருவார், நம்மைத் தனியே விடமாட்டார் என்பதே அதன் எதிர்நோக்கு. டிசம்பர் 16 வரை திருவழிபாட்டில் மேலோங்கி நிற்பதும் கிறிஸ்துவின் இரண்டாம் வருகைதான். ஏறத்தாழ 2000 ஆண்டுகளாகத் திருச்சபையே காத்திருக்கிறது. இந்தக் காலம் உங்களைப் போன்றவர்களுக்கே உரியது. இந்த ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடுவதில்லை. ஆனால் தவக்காலத்தைப் போல அல்லேலூயாவை நிறுத்துவதும் இல்லை. ஏக்கமும் மகிழ்ச்சியும் ஒரே திருப்பலியில் இருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

அதே ஞாயிற்றில் இன்னோர் ஆண்டு வாசிக்கப்படும் நற்செய்தியில், என்ன செய்வது என்று மக்கள் யோவானைக் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்கிறார். நீங்களும் கணவரும் சேர்ந்து, யாருக்காவது கைகொடுக்கும் ஒரு வேலையை இந்த நான்கு வாரங்களில் எடுத்துச் செய்யுங்கள். மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். அது நம்பிக்கைக் குறைவு ஆகாது. "விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள்.