விண்ணின் அதிர்வும் லோரியின் அதிர்வும்

செம்பனைக் குலை ஏற்றிய லோரி கடந்து செல்லும்போது வகுப்பறைச் சன்னல்கள் நடுங்குவதை நாம் நன்கறிவோம். இத்தகைய நடுக்கங்களுக்கிடையே விண்ணிலிருந்து வரும் ஈர்ப்பு அலையைப் பிரித்தறிவது எங்ஙனம்?

அவ்வலை உண்டென 1916இல் ஐன்ஸ்டைன் கணித்துக் கூறினார். 14.9.2015 அன்றுதான் அது முதன்முதலாகப் பிடிபட்டது. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி இணைந்ததால் எழுந்த அலை அது. அமெரிக்காவின் லைகோ நிலையம் ஒவ்வொன்றிலும் 4 கி.மீ. நீளமுள்ள இரு குழாய்கள் செங்கோணமாக அமைந்துள்ளன. அவற்றினுள் லேசர் ஒளி சென்று மீளும். அலை கடக்கையில் ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் குறுகும். அம்மாற்றமோ, அணுவினுள் இருக்கும் புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிது! லோரியின் அதிர்வு இதனினும் பன்மடங்கு பெரிதன்றோ?

ஆதலால் 3,000 கி.மீ. இடைவெளியில் இரு நிலையங்களை அமைத்தனர். ஓரிடத்து லோரி மற்றோரிடத்தை அசைக்காது. விண்ணலை இரண்டையும் அசைக்கும். அன்று இரண்டாம் நிலையத்தை அது ஏறத்தாழ 0.007 விநாடி கழித்து அடைந்தது.

அலை வந்த திசையைச் செவ்வனே அறிய இரண்டு நிலையங்கள் போதா. 17.8.2017இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த அலை வந்தபோது, இத்தாலியின் விர்கோ நிலையமும் துணைநின்றது. தொலைநோக்கிகள் அத்திசை நோக்கித் திரும்பி, 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் புத்தொளி ஒன்றைக் கண்டன. பொன் முதலிய கனத்த தனிமங்கள் அத்தகைய மோதலில் உருவாவதற்கு அவ்வொளி சான்றளித்தது. அன்னையர் காதணியின் பிறப்பிடம் எத்துணைத் தொலைவு, பாருங்கள்!

மகாராஷ்டிர மாநிலத்து ஔண்டா நாகநாத்தில் மேலும் ஒரு லைகோ நிலையம் அமைக்க 2023இல் இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏனைய நிலையங்களுக்கு வெகுதொலைவில் அது அமைவதால், அலை வரும் திசை மேலும் துல்லியமாகப் புலப்படும்.