டிஜிலாக்கரில் சான்றிதழ் திறக்கலையா? முதலில் இதைப் பாருங்க

நாளைக்குக் காலையில் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. எல்லாம் ஃபோனில்தான் இருக்கே என்ற தைரியத்தில் ராத்திரி பத்து மணிக்கு டிஜிலாக்கரைத் திறக்கிறீங்க. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரவே மாட்டேங்குது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடலாமா என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் தெரியணும்.

டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள் உண்டு. 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' என்பது துறைகள் நேரடியாகத் தருவது. 'டிரைவ்' என்பது நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றி வைப்பது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கு. வழங்கப்பட்ட ஆவணம் பொதுவாக டிஜிலாக்கருக்குள் சேமிக்கப்படுவதில்லை. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான் அங்கே இருக்கும். நீங்கள் தொடும்போது அந்தந்தத் துறையின் சர்வரிலிருந்து அது எடுத்து வரப்படுகிறது. தேர்வு முடிவு வந்த சமயத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தட்டினால் அந்த சர்வர் திணறத்தான் செய்யும். அதற்கு உங்கள் ஃபோன் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: வேறொரு துறையின் ஆவணத்தை, ஓட்டுநர் உரிமத்தையோ ஆதாரையோ, திறந்து பாருங்க. அது திறந்தால் உங்க ஃபோனும் நெட்டும் சரியாகத்தான் இருக்கு. விடியற்காலையில் மறுபடி முயற்சி பண்ணுங்க. எதுவுமே திறக்கவில்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்க. ஆப்பை அப்டேட் செய்யுங்க. அப்படியும் முடியலைன்னா பிரவுசர் வழியாக டிஜிலாக்கர் இணையதளத்தில் உள்ளே போங்க.

உள்ளேயே போக முடியலையா? பெரும்பாலும் அது பழைய சிம் சமாச்சாரம். ஆதார் வழியாக நுழையும்போது ஓடிபி, ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் என்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போய்ப் புது எண்ணைப் பதியலாம். அது ஒரே ராத்திரியில் முடிகிற வேலை இல்லை. ஆறு இலக்க பின் மட்டும் மறந்திருந்தால் கவலை வேண்டாம், அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். பிரவுசிங் சென்டரில் கணக்குத் தொடங்கியவர்கள், எந்த மொபைல் எண் கொடுக்கப்பட்டது என்று கேட்டு வையுங்க. கடைக்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபிக்கு அவரைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், லைசென்ஸில் அப்பா பெயர் முழுசா. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்! 'விவரம் பொருந்தவில்லை' என்று வந்தால் திரும்பத் திரும்ப முயற்சி செய்து பயன் இல்லை. ஆப் எடுத்துக்கொள்வது ஆதாரில் உள்ள பெயரைத்தான். எந்த ஆவணத்தில் பிழையோ அதைத் திருத்த விண்ணப்பிப்பதுதான் வழி. தேர்வு எண், வருடம் ஆகியவற்றைச் சான்றிதழில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே டைப் பண்ணுங்க, ஞாபகத்திலிருந்து வேண்டாம்.

டிரைவில் ஏற்ற முடியவில்லை என்றால் ஃபைல் அளவைப் பாருங்க. ஒரு ஃபைல் 10 எம்பிக்குள் இருக்கணும். மொத்த இடம் 1 ஜிபி. ஆனால் நீங்களே ஏற்றிய ஸ்கேன் வெறும் நகல்தான். மூல ஆவணத்துக்கு இணையாக 2017இல் விதிகளில் இடம் பெற்றது டிஜிலாக்கர் வழியே துறை வழங்கும் ஆவணம் மட்டுமே. சோதனையில் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை.

பதற்றத்தில் செய்யக்கூடாத ஒன்றும் இருக்கு. 'கஸ்டமர் கேர்' எண்ணை கூகுளில் தேடி, முதலில் வருவதை அழைக்காதீங்க. ஓடிபியோ பின்னோ யார் கேட்டாலும் சொல்லாதீங்க. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்க.

சான்றிதழ் திறந்ததும் பிடிஎஃப் ஆக ஃபோனில் இறக்கி வையுங்க. அடுத்த தடவை நெட் இல்லாத இடத்திலும் திறக்கலாம். நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போது பீரோவில் இருக்கிற அசலையும் கையோடு எடுத்துக்கிட்டுப் போங்க.